பழைய பைபர் படகு ஏன் கனக்கிறது?

மன்னார்த் தீவின் கரைகளில் பழைய பைபர் படகு வைத்திருப்பவர்களோடு பேச்சுக் கொடுத்தால் இந்த முறைப்பாடு வந்தே தீரும். புதிதாக இறக்கியபோது நாலு பேர் தோள் கொடுத்தால் மணலேறிய படகு, பத்துப் பதினைந்து வருடத் தொழிலுக்குப் பிறகு ஆறு பேருக்கும் அசைந்து கொடுப்பதில்லை. அதே எஞ்சின், அதே தூரம், ஆனால் மண்ணெண்ணெய் கூடுதலாகச் செலவாகிறது. வலையையும் மீனையும் இறக்கி, அடியில் தேங்கிய நீரை இறைத்துவிட்ட பிறகும் அந்தப் பாரம் இறங்குவதில்லை.

மர வள்ளமாக இருந்தால் இதில் புதிர் எதுவும் இல்லை. மரம் நீர் குடிக்கும், உளுத்தும் போகும். பைபரை வாங்கியதே அது நீர் குடிக்காது, உளுக்காது, துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில்தான். பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பாரம்?

முதலில் பைபர் என்பது என்ன என்று பார்க்கவேண்டும். கண்ணாடியை உருக்கி மயிரிழையிலும் மெல்லியதாக இழுத்தால் கிடைப்பது கண்ணாடி இழை. 1932இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் உருகிய கண்ணாடியோடு வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தார். அழுத்தக் காற்று பட்டு அந்தக் கண்ணாடி இழை இழையாகப் பறந்தது. இழையை மலிவாகச் செய்யும் வழி அப்படித்தான் கிடைத்தது. அதே ஓஹியோவில் 1942இல் ரே கிரீன் என்பவர் பொலியெஸ்டர் பிசினில் இழைகளைத் தோய்த்து ஒரு படகைச் செய்தார். இன்று மன்னார்த் தீவின் பேசாலையில் மிதக்கும் படகுக்கும் அதே சேர்க்கைதான். இழுவிசையைத் தாங்குவது இழையின் வேலை. இழைகளை அதனதன் இடத்தில் பிடித்து வைத்து, ஒன்றின் பாரத்தை மற்றொன்றுக்குக் கடத்துவது பிசினின் வேலை. இப்படி இரண்டு பொருள் சேர்ந்து தனித்தனியே இல்லாத குணத்தைப் பெற்ற பொருளைக் கூட்டுப்பொருள் என்பார்கள்.

படகு வார்ப்பவர் அச்சுக்குள் முதலில் பூசுவது ஜெல்கோட் எனும் வண்ணப் பிசின். அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். கடலைத் தொடும் தோல் அதுவே. அதன்மேல் நறுக்கிய இழைகளாலான மட், நெய்த துணிபோன்ற ரோவிங் என்று ஒவ்வொரு படையாக வைத்து, பிசின் ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றுவார்கள். இலங்கையின் வடக்கில் இந்தத் தொழில் வேரூன்றிய கதையில் 1967இல் நோர்வேக்காரரான ஆர்னே ஃபியோர்டொஃப்ட் முன்னின்று தொடங்கிய சீநோர் திட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. காரைநகரில் அதன் படகுத் தளம் இயங்கியது. 18 முதல் 23 அடி வரையிலான, கடையாரில் எஞ்சின் பூட்டும் திறந்த பைபர் படகே இப்போது மன்னாரின் அன்றாடப் படகு.

இப்போது பாரத்துக்கு வருவோம். கண்ணாடி நீரை உறிஞ்சாது. பிசின் உறிஞ்சும், ஆனால் மிகக் கொஞ்சமாக. பல வருடம் ஊறிய பைபர் தன் எடையில் ஒன்று, இரண்டு சதவீத நீரையே ஏற்கிறது. உடல் 400 கிலோ என்று வைத்துக்கொண்டால் இரண்டு சதவீதம் என்பது 8 கிலோ. ஒரு வாளித் தண்ணீர் கூட இல்லை. அதற்கு மேலதிகமாக இரண்டு ஆட்கள் தேவைப்படமாட்டார்கள்.

பைபர் நீண்டகாலம் உழைக்கும் என்பது வெறும் விற்பனைப் பேச்சன்று. அமெரிக்கக் கடலோரக் காவற்படை 1950களின் தொடக்கத்தில் 40 அடி ரோந்துப் படகுகளைப் பைபரில் கட்டியது. அவற்றில் ஒன்றின் உடலிலிருந்து பத்து வருடம் கழித்தும், மறுபடி இருபது வருடம் கழித்தும் துண்டுகளை வெட்டியெடுத்து இழுத்தும் வளைத்தும் சோதித்தார்கள். இருபது வருடக் கடலுழைப்புக்குப் பிறகும் பலம் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. நன்றாக வார்த்த பைபர் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை என்பதற்கு இன்றும் காட்டப்படும் ஆதாரம் அது.

ஆகவே பாரம் பைபரில் இல்லை, பைபர் மூடி மறைத்திருக்கும் பொருள்களில் இருக்கிறது.

படகின் குறுக்கே உள்ள இருக்கைகள் வெறும் பெட்டிகள் அல்ல. படகு கவிழ்ந்தாலோ நீர் நிரம்பினாலோ மூழ்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக அவற்றுக்குள் நுரைப்பஞ்சு நிரப்பியிருப்பார்கள். பஞ்சின் ஒவ்வொரு நுண்ணறையும் மூடியது என்பதால் நீர் ஏறாது என்பது கணக்கு. ஆனால் வருடக்கணக்கில் அலையில் அடிபட்டு அறைச் சுவர்கள் உடைகின்றன. இருக்கையில் ஆணி அடித்த துளை, வெடித்த மூலை, ஒட்டு விட்ட ஓரம் எல்லாம் நீருக்கு வாசல். உள்ளே போன நீருக்கு வெளியே வர வெயில் படாது, காற்றும் படாது. ஒரு மீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெட்டி 120 லீற்றர் கொள்ளும். புதிதில் அதிலுள்ள பஞ்சு நாலைந்து கிலோதான். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நீர் ஏறினால் 40 கிலோ. அப்படி மூன்று இருக்கை இருந்தால் 120 கிலோ. கரையில் வந்த மேலதிக ஆட்கள் தள்ளுவது இந்த நீரைத்தான்.

மண்ணெண்ணெய்ச் செலவோடு இது முடிந்துவிடுவதில்லை. பஞ்சுக்குள் ஏறிய ஒவ்வொரு கிலோ நீரும், ஆபத்தில் படகை மிதக்க வைத்திருக்கவேண்டிய மிதப்பில் ஒரு கிலோவைத் தின்றுவிடுகிறது. ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளுக்குப் பக்கத்தில் சோளகக் காற்று அலையைக் குத்தி எழுப்பும்போது, நீர் நிறைந்த படகைப் பற்றிக்கொண்டு மிதக்கலாம் என்று நம்பியிருக்கும் மனிதர்களின் உயிர் அந்தப் பஞ்சில்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் படகுத் திருத்தம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இரண்டாவது ஒளிவிடம் கடையார்ப் பலகை. வெளியே பார்த்தால் பைபர், நடுவே பிளைவுட். 25 குதிரைவலு எஞ்சின் ஒன்றின் எடை 50 கிலோ அளவில் இருக்கும். அது வெறுமனே தொங்கவில்லை, முழுப் படகையும் அந்தப் பலகையில் தள்ளுகிறது. எஞ்சினைப் பூட்டும் போல்ட் துளைகளின் ஓரம் அதிர்ந்து தளர்ந்ததும் நீர் பிளைவுட்டை அடைகிறது. இரு புறமும் பைபர் மூடியிருப்பதால் பலகை உள்ளேயே உளுத்துக் கூழாகிறது. வெளித்தோற்றம் மாறாது. எஞ்சின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தாலோ, போல்ட்டைக் கழற்றும்போது கறுத்த நீர் வழிந்தாலோ உள்ளே மரம் செத்துவிட்டது என்று கொள்ளலாம்.

எஞ்சினைக் கழற்றிய கையோடு அதன் காலையும் பார்ப்பது நல்லது. அது அலுமினியக் கலப்புலோகம். அதில் திருகியிருக்கும் சிறிய நாகக் கட்டி கடல்நீரில் தானே கரைந்து அலுமினியத்தைக் காக்கிறது. அந்தக் கட்டிக்குச் சிலர் வண்ணம் பூசிவிடுவார்கள். பூசினால் நாகம் கரையாது, எஞ்சின் கால் அரிபடும். அலுமினியம் நீர் குடிக்காத உலோகம்தானே, படகையே அதில் செய்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. பல நாடுகளில் செய்கிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மரப் படகுகளின் அடியில் அலுமினியத் தகடு போர்த்தும் முறையை ஆராய்ந்திருக்கிறது. அலுமினியத்தின் மேற்பரப்பில் தானாகப் படியும் ஒட்சைட்டுப் படலம் அதைக் காக்கிறது. உருக்கி ஒட்டவைக்கும்போது அந்தப் படலமே தொல்லை. உலோகம் 660 பாகை செல்சியசில் உருகும், படலமோ 2,000 பாகையைத் தாண்டினால்தான் உருகும். ஆகவே ஆகன் வாயுவும் அதற்கான கருவியும் பழகிய கையும் இல்லாமல் ஓர் ஓட்டையை அடைக்க முடியாது. பைபரை ஒரு போத்தல் பிசினோடும் தூரிகையோடும் வாடிக்குப் பக்கத்திலேயே அடைத்துவிடலாம். இந்தக் கரைகளில் பைபர் வென்றதற்கு இதுவும் காரணம்.

வாங்கப்போகும் பழைய படகை அறிவது எப்படி? அணியத்தில் எழுதியிருக்கும் பதிவு எண் முதல் சாட்சி. ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கினால் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய பைபர் படகு. எம்.டி.ஆர்.பி. என்றால் எஞ்சின் பூட்டிய மரபுவழி வள்ளம். எம்.என்.ஆர். என்று முடிந்தால் மன்னார் மாவட்டப் பதிவு. ஆனால் எண் சொல்வது பதிவையும் உரிமையையும்தான். உடலுக்குள் எத்தனை படை மட் இருக்கிறது, பிசின் சரியாக இறுகியதா என்பதை அது சொல்லாது. உடலின் வடிவமும் முழுச் சாட்சியாகாது. ஓடும் படகொன்றையே மாதிரியாக வைத்து அச்சு எடுக்க முடியும் என்பதால், ஒரே வடிவில் நல்ல வார்ப்பும் வரலாம், மட்டைக் குறைத்த மலிவு வார்ப்பும் வரலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்குக் குவிந்த உதவிப் படகுகளில் தரங்குறைந்தவை பல இருந்ததை ஐ.நா. உணவு விவசாய நிறுவனமே சுட்டிக்காட்டி, கட்டுமானப் பயிற்சிக்கும் கையேடுகளுக்கும் முனைந்தது.

உடலின் உள்ளிருப்பை நிச்சயமாக அறிய ஒரு வழி உண்டு. எஞ்சின் துளையிலோ வடிகால் துளையிலோ வட்டமாக வெட்டியெடுத்த ஒரு சிறு துண்டை நிறுத்துவிட்டு, 600 பாகைக்குக் கிட்ட சூளையில் வைப்பார்கள். பிசின் முழுவதும் எரிந்து போகும். எஞ்சுவது வெண்ணிறக் கண்ணாடி. அது சாம்பலாக உதிராது, மட் மட்டாகவும் ரோவிங் ரோவிங்காகவும் வைத்த வரிசையிலேயே கிடக்கும். சிறு இடுக்கியால் ஒவ்வொரு படையாகத் தூக்கி எண்ணலாம். மறுபடி நிறுத்தால் கண்ணாடியின் பங்கு தெரியும். மட் மட்டும் வைத்த நல்ல வார்ப்பில் அது எடையில் 30 சதவீத அளவில் இருக்கும். அதற்கு மிகவும் குறைந்தால் பிசினைக் கொட்டித் தடிப்புக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

கரையில் சூளைக்கு எங்கே போவது? அங்கே உதவுவது காது. ஐந்து ரூபாய்க் குற்றியால் உடலை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடத்தில் ஒலி மொத்தென்று செத்துவிடும். ஒட்டு விட்ட மேல்படை தனித்து, மெல்லிய சவ்வாக அதிர்வதால் வரும் வேறுபாடு அது.

படை பிரிதல் ஏன் இவ்வளவு பெரிய நோய் என்பதில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. ஒரு தகட்டின் தடிப்பை இரட்டிப்பாக்கினால் அது வளைய மறுக்கும் திறன் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், 8 மில்லிமீற்றர் உடல் நடுவில் பிளந்து இரண்டு 4 மில்லிமீற்றர் படைகளானால் ஒவ்வொன்றின் விறைப்பும் எட்டில் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் கால்பங்குதான். ஒரு கிராம் பொருளும் தொலையவில்லை, ஆனால் விறைப்பில் முக்கால்வாசி போய்விட்டது. அலை அடிக்கும்போது அந்த இடம் உள்வாங்கி வெளித்தள்ளும். ஒவ்வொரு அடிக்கும் பிளவு இன்னும் கொஞ்சம் ஓடும்.

பிளவைத் தொடக்கிவைக்கும் காரணங்களில் ஒன்று கொப்புளம். மணலில் ஏற்றி வைக்கும் படகைவிட, மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடக்கும் படகில் இது கூடுதல். வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தால் பட்டாணி அளவிலிருந்து ரூபாய்க் குற்றி அளவுவரை மேடுகள் தெரியும். திருகாணி முனையால் ஒன்றைக் குத்தினால் உள்ளிருந்து நீர் பீய்ச்சியடிக்கும், அதனால் கண்ணைக் காத்துக்கொண்டுதான் குத்தவேண்டும். விரலில் தொட்டால் பிசுபிசுக்கும். மணந்தால் வினாகிரி வாடை. கடல்நீருக்கு இந்தப் பிசுபிசுப்பும் இல்லை, இந்த வாடையும் இல்லை. அப்படியானால் அது என்ன நீர்?

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரொக்கெட்டும் வின்சென்ட் ரோஸும் கடலோரக் காவற்படைக்காக இதை ஆராய்ந்து 1987இல் அறிக்கை தந்தார்கள். ஜெல்கோட் நீர்த்துளியைத் தடுக்கும், ஆனால் தனித்தனி நீர் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவுவதைத் தடுக்காது. உள்ளே போன நீர் இறுகாமல் மிஞ்சிய பிசினையும், மட்டின் இழைகளைச் சேர்த்துவைக்கும் பசையையும் சிதைக்கிறது. நீரால் மூலக்கூறு பிளவுபடும் இந்த வேலைக்கு நீராற்பகுப்பு என்று பெயர். சிதைந்து வருபவை அமிலங்களும் கிளைக்கோலும். பசை சில மட்டுகளில் அசற்றிக்கமிலத்தைத் தரும், வினாகிரி வாடை அதனுடையது. இவை நீரில் கரைந்து, சின்னஞ்சிறு வெற்றிடமொன்றில் அடர்ந்த கரைசலாகின்றன.

பேசாலையில் கருவாட்டுக்கு உப்பிடுபவர்களுக்கு அடுத்த கட்டத்தை விளக்கவே தேவையில்லை. மீனுக்கு உப்பிட்டால் மீனின் நீர் உப்பிருக்கும் பக்கம் வந்து சேர்கிறது. மெல்லிய தடுப்பொன்றின் இரு பக்கமும் கரைசல் இருந்தால், நீர் அடர்த்தி கூடிய பக்கத்துக்கே போகும். தமிழ்நாட்டில் சவ்வூடுபரவல் என்றும் இலங்கைப் பாடநூல்களில் பிரசாரணம் என்றும் சொல்வது இதைத்தான். கொப்புளத்துக்குள் இருக்கும் கரைசல் கடலைவிடவும் அடர்ந்தது. ஆகவே கடல்நீரிலிருந்தும் நீர் உள்ளே இழுபடுகிறது. அழுத்தம் ஏறி ஜெல்கோட்டையும் அடுத்த படையையும் தூக்குகிறது.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு வருகிறது: உப்புநீரைவிட நன்னீரே பைபருக்குக் கூடுதல் கேடு. வெளிநீர் எவ்வளவு நன்னீரோ அவ்வளவுக்கு இழுவை அதிகம். ஏரிகளில் கிடக்கும் படகுகளில் கொப்புளம் கூடுதலாக வருவது இதனால்தான். மன்னாரில் வருட மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் வேலையின்றிக் கரையில் கிடக்கும் படகுக்குள் மழைநீர் முழங்காலளவு தேங்குவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் படகின் உட்புறத்தில் பெரும்பாலும் ஜெல்கோட் கிடையாது, நீருக்கு வழி இன்னும் எளிது. வடிகால் அடைப்பானைக் கழற்றி, அணியத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே போதும், காசில்லாமல் இந்தக் கேட்டைத் தடுத்துவிடலாம்.

திருத்துவதில் நடக்கும் பெரிய பிழையும் இங்கேதான் இருக்கிறது. வெடிப்புத் தெரிந்ததும் அதன்மேல் ஒரு மட் போட்டுப் பிசின் ஊற்றி வண்ணம் அடித்துவிடுகிறார்கள். ஒரு மாதம் பார்க்க நன்றாக இருக்கும். ஈரத்தின்மேல் போட்ட பிசின் ஒட்டாது. உள்ளிருக்கும் நீர் இப்போது வெளியேற வழியுமில்லாமல் சிறைப்படுகிறது. மூன்று நான்கு முறை இப்படி ஒட்டிய படகுக்கு ஒட்டுகளாலேயே பாரம் ஏறும், பலம் ஏறாது.

சரியான வரிசை பொறுமையைக் கேட்கிறது. இருக்கையை மேலே வெட்டித் திறந்து ஊறிய பஞ்சை முழுவதும் அள்ளிவிட்டு, புதிய பஞ்சு வைத்து நீர் புகாமல் மூடவேண்டும். கொப்புளங்களையும் பிரிந்த படைகளையும் நல்ல, கெட்டியான பைபர் தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்தெடுக்கவேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகும் கண்ணாடி, முகமூடி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. பிறகு நன்னீரால் பலமுறை கழுவவேண்டும். இவ்வளவு நேரம் நன்னீரைக் கேடு என்றோமே என்று தோன்றலாம். உள்ளே தங்கிய உப்பும் அமிலமும் கரைந்து வெளியேறினால்தான் நீரை இழுக்கும் சக்தி ஒழியும். வெறுமனே உலர்த்தினால் நீர் போகும், அவை அங்கேயே இருக்கும், அடுத்த ஈரத்தில் மறுபடி இழுக்கும்.

அதன்பின் உலர்த்தல். வாரக்கணக்கில் ஆகலாம். மழையற்ற, காற்று ஓயாத சோளக மாதங்கள் இதற்கு வாய்த்த காலம். உலர்ந்ததா என்று பார்க்க ஒரு கைமுறை இருக்கிறது: ஒரு சாண் சதுரத் தெளிந்த பொலித்தீனை நாலு ஓரமும் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடவேண்டும். பொலித்தீனின் உட்புறத்தில் வியர்வையாக நீர்முத்து அரும்பினால் உடல் இன்னும் ஈரத்தைக் கக்குகிறது. ஈரமானி என்ற கருவியும் உண்டு. மின்புலத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்வினையை அளக்கும் எண் நீருக்கு 80, உலர்ந்த பைபருக்கு நாலைந்துதான். அதனால் சிறிதளவு ஈரத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய பிசின் பழையதோடு வேதியியலாக ஒன்றாவதில்லை, பிடித்துக்கொள்ள மட்டுமே செய்கிறது. அந்தப் பிடிக்குப் பரப்பு வேண்டும். ஆகவே ஓட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், தடிப்பின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பார்கள். 6 மில்லிமீற்றர் உடலுக்கு ஏழு சென்ரிமீற்றர் சரிவு. சுருங்கச் சொன்னால், சின்ன ஓட்டைக்குப் பெரிய காயம் செய்தால்தான் அது ஆறும்.

கடைசியாக இறுக்கி. ஒரு கிலோ பிசினுக்கு 10 முதல் 20 கிராம். மன்னார் வெயிலில் சட்டியிலேயே இறுகிவிடுமே என்ற பயத்தில் பலர் அதைக் கண்மதிப்பில் குறைத்துவிடுகிறார்கள். குறைத்தால் பிசின் முழுதாக இறுகாது. இறுகாமல் மிஞ்சியதைத்தான் நீர் நாளைக்குச் சிதைக்கும். இறுக்கியை அளந்தே ஊற்றி, காலை பத்து மணிக்கு முன் அல்லது மாலையில், சிறு சிறு அளவாகக் கலந்து வேலை செய்வதே வழி. இறுக்கியில் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

எல்லாப் படகையும் திருத்தவேண்டியதில்லை. கடையாரும் ஏராவும் பாதி உடலும் தட்டலுக்குச் செத்த ஒலி தந்தால், பிசினுக்குச் செலவாகும் காசு புதிய படகின் விலையை எட்டிப்பிடிக்கும். அப்படிக் கைவிட்ட உடல்கள் என்ன ஆகின்றன? ஒருமுறை இறுகிய பொலியெஸ்டரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. கரையில் எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும். இந்தச் சிக்கல் படகுகளுக்கு மட்டுமல்ல. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. 60 மீற்றரைத் தாண்டும் அவற்றின் அலகுகளும் கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளே. அவையும் இருபது, இருபத்தைந்து வருடத்தில் இறங்கவேண்டியவை. ஜெர்மனியின் லேகர்டோர்ஃபில் நொறுக்கிய பழைய அலகுகளைச் சீமெந்துச் சூளையில் இடுகிறார்கள். பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடியிலுள்ள சிலிக்கா சீமெந்தில் சேர்கிறது. மன்னாருக்குத் தெற்கே, இதே கடற்கரையில் உள்ள புத்தளம் சீமெந்து ஆலை ஏற்கெனவே தொழிற்சாலைக் கழிவுகளைச் சூளையில் பயன்படுத்திவருகிறது. பழைய படகுகளை வெட்டி ஏற்றிச் செல்லும் செலவைத் தனி மீனவர் ஒருவர் தாங்க முடியாது. கடற்றொழில் திணைக்களமும் மீனவர் சங்கங்களும் காற்றாலை நடத்துபவர்களும் இப்போதே உட்கார்ந்து பேசினால், அலகுகள் இறங்கும் காலத்துக்கு முன்பே படகுகளுக்கான வழி திறந்திருக்கும்.